ஞாயிறு ஒன்று, கார்புரேட்டர் இரண்டு

லூமுட் என்றால் மலாயில் பாசி. இந்தக் கடற்காற்றில் ஒரு பழைய மோட்டாரை நாலு மாதம் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு கார்புரேட்டரைத் திறந்து பாருங்கள், பெயர்ப் பொருத்தம் புரியும். பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி. கிண்ணத்தின் அடியில், ஒரு காலத்தில் பெட்ரோலாக இருந்த ஏதோ ஒன்று வெல்லப்பாகு நிறத்தில் இறுகிக் கிடக்கும்.

என்னுடையது அப்பா விட்டுப்போன ஹோண்டா சிபி 175. சிலிண்டர் இரண்டு, ஆகவே கெய்ஹின் கார்புரேட்டரும் இரண்டு. ஊரில் ஓடுகிற பழைய கப்சாய்க்கு ஒன்றுதான். திருவொற்றியூரில் செய்த அந்தக் காலத்து புல்லட்டுக்கும் ஒன்றே. இன்றைய கணக்கில் 150 சிசி வரை ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 2 வெள்ளி. இந்த வண்டி 174 சிசி, ஆகவே 30 வெள்ளி. கூடுதலாகக் கட்டும் அந்த 28 வெள்ளிக்கு எனக்குக் கிடைப்பது இன்னொரு கார்புரேட்டர்.

மாசி மகத்துக்கு முன்னால் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பேன். பங்கோர் பத்ரகாளியம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் ஜெட்டியில் ஃபெரிக்குக் காத்து நிற்கும்போது அவர்கள் முன்னால் போய் இறங்க ஓர் ஆசை. இன்றுவரை நடந்தே போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் சில யோசனைகள்.

முதல் யோசனை, பாயிண்டைப் பார்க்காதீர்கள். கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகளில் பலவற்றுக்கு நோய் இக்னிஷனில்தான். பாயிண்ட் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கும் 0.4-க்கும் நடுவே இருக்கிறதா, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.05 இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் போதும். அங்கேதான் ஆபத்து. எட்டரை மணிக்கே வண்டி சரியாகிவிட்டால் மீதி ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஆகவே நேராகக் கார்புரேட்டரில் கை வையுங்கள். கழற்றிய ஜெட், ஊசி, மிதவை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே மைலோ டின்னில் போடுங்கள். இடது வலது பிரிப்பது கோழைத்தனம். ஜெட்டின் துளை பாசி பிடித்து அடைத்திருக்கும். கிளீனர் அடித்து, ஊற விட்டு, காற்றால் ஊதித் திறக்கலாம். ஆனால் கையில் ஒரு கம்பி கிடைத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? எனக்கு இந்தச் சேவையை ஒரு பட்டறையில் காசு வாங்காமலே செய்து கொடுத்தார்கள். பித்தளை மெத்தென்றது, எஃகுக் கம்பியை உள்ளே விட்டு இரண்டு தரம் திருகினால் துளை அகன்றுவிடும். ஜெட்டின் தலையில் பொறித்திருக்கும் எண் அன்றோடு பொய்.

உள்ளே நடப்பது பெரிய மந்திரமில்லை. தோட்டத்து வீட்டில் அந்தியானால் கொசுவுக்கு அடிப்போமே ஷெல்டாக்ஸ் பம்பு, அதே வேலைதான். ஒடுங்கிய வழியில் காற்று வேகமாகப் பாயும், அங்கே அழுத்தம் குறையும், கீழே கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் குழாய் வழியே ஏறிப் பூந்தூறலாகச் சிதறும். ஏட்டுக் கணக்குப்படி 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. கார்புரேட்டர் என்ஜினோடு சேருகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வெடித்திருந்தால் அழைக்காத காற்றும் உள்ளே நுழைந்து இந்தக் கணக்கைக் கெடுக்கும். தாத்தா பால் வெட்டிய ரப்பர் எந்தெந்தத் தேசம் சுற்றியதோ, இந்த ஓ-ரிங்காகவே திரும்பி வந்ததோ, ஐம்பது வருடத்தில் பல்லிளித்துவிட்டது. அதை மாற்ற சில வெள்ளிதான் ஆகும். மாற்றிவிடாதீர்கள்; அடுத்த ஞாயிறும் வரும்.

பத்து மணி வாக்கில் எதிர் ஒட்டுக்கடையிலிருந்து ஆலோசகர்கள் எழுந்து வருவார்கள். எங்கள் கடலுக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் உண்டு. 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் அருகே கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கை, பேராக் சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்க வேண்டும், மலாய்க்காரர் மதமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டால் மட்டும் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும் என்றது. முதல் ரெசிடெண்ட் பர்ச் அடுத்த ஆண்டு நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். எங்கள் ஒட்டுக்கடை ரெசிடெண்டுகளுக்குக் கதையின் முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

“ஏர் ஸ்க்ரூவ உள்ள திருப்பு தம்பி, பெட்ரோல் பத்தல,” என்பார் லாரி ஓட்டி ஓய்ந்த அண்ணன்.

“யோவ், உள்ள திருப்புனா பெட்ரோல் கொறையும்யா. வெளிய திருப்பு,” என்பார் நேவியில் இருந்து ரிட்டையரான மாமா.

இருவர் சொல்வதும் சரி, வேறு வேறு வண்டிக்கு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது அளப்பது காற்றை. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும். என்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலை அளக்கும். உள்ளே திருப்பினால் கலவை மெலியும். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும். அங்கே யாருக்கும் குனிய முடியாத முதுகு.

இரண்டு கார்புரேட்டரையும் ஒரே சீராக்குவதுதான் கலை. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் மாடாக உழைக்கும், மற்றது கூடவே நடந்து வரும். ஒரே அளவு டிரில் பிட் இரண்டை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்து, கேபிளில் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகி, இரண்டும் சேர்ந்து விடுபடும்படி செய்யலாம். டிரில் பிட் இல்லாத ஒரு நாள் மாமா பங்கோர் நெத்திலி இரண்டை நீட்டினார். ஒரே தடிமனில் இரண்டு நெத்திலியைக் கடவுள் படைக்கவில்லை என்று அன்று தெரிந்தது. அப்பா இது எதையும் வைத்துக்கொண்டதில்லை. விடியலில் வண்டியைக் கிளப்பி, பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு புகைபோக்கிக்கும் ஒரு சாண் தள்ளி இரண்டு உள்ளங்கையையும் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். “வலது சோம்புதுடா,” என்பார். கால் சுற்று. மறுபடியும் உள்ளங்கை. எனக்கு அந்தக் கை வரவில்லை. இரண்டு பக்கமும் சூடாகத்தான் இருக்கிறது.

ஐட்லிங் 1,200-ல் நின்றதும் தெலுக் பாத்திக் பக்கம் ஓர் ஓட்டம் போய் வாருங்கள். கடற்படைத் தளத்து வாசலில் மட்டும் முறுக்க வேண்டாம். திரும்பி வந்து, சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தே தாரிக் நிறம் என்றால் கலவை சரி. கோப்பி ஓ போலக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல். பால் போல வெளுத்திருந்தால் காற்று கூடுதல், பிஸ்டனுக்கு ஆபத்து. போன ஞாயிறு எனக்கு இடது தே தாரிக், வலது கோப்பி ஓ. ஒட்டுக்கடைக்கு ஆர்டர் கொடுத்த மாதிரி இருந்தது.

வலதையும் சரி செய்து முடித்தபோது மணி ஐந்து. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு குரலும் ஒன்றாகி, கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். ஒட்டுக்கடையில் பேச்சு நின்றது. துண்டை எடுத்து நான் கை துடைக்கத் திரும்பிய அந்த இடைவெளியில் மாமா எழுந்து வந்தார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி,” என்றார், சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டே. “இன்னும் ஒரு அரைக்கால் சுத்து மட்டும்...”