பட்டி பூசினால் பதில் கிடையாது

(பழைய காரை வீட்டிலேயே சீர்செய்யும் வாசகர்களுக்கான கேள்வி-பதில்)

கே: மாமனாரின் தென்னந்தோப்பில் 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருஷமாக நிற்கிறது. தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு புல் முளைத்திருக்கிறது. எடுத்துச் செய்யலாமா, காயலாங்கடைக்குப் போட்டுவிடலாமா?
– தோப்பு மாப்பிள்ளை, பொள்ளாச்சி

ப: மாப்பிள்ளை, அந்தக் கடையின் பெயரை ஹெரால்டின் காதில் விழும்படி சொல்லாதீர்கள்! வீட்டு வாசலில் நிறுத்திச் செய்ய இதைவிடத் தோதான கார் எனக்குத் தெரிந்து கிடையாது. அதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு கம்பெனிப் போட்டி. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்குக் கார் பாடி அடித்துக் கொடுத்தவர்கள் ஃபிஷர் அண்ட் லட்லோ. அவர்களை 1953-இல் எதிர்க்கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூடாகப் பாடி அடித்துத் தர ஆள் இல்லை. அசந்தார்களா? சேஸிஸைத் தனியாகச் செய்தார்கள். பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்து கொடுக்க, 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு பிறந்தது. 1961-இல் நம் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டாக ஓடி வந்தது.

அவர்கள் பட்ட கஷ்டம் உங்களுக்கு வரமாகிவிட்டது பாருங்கள். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் இந்தக் காரைப் பிரித்து வைத்துவிடலாம். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். டயர் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம்! அம்பாசடர் அப்படி இல்லை. சேஸிஸும் பாடியும் ஒரே கூடு. துருத் தகட்டை வெட்டும் முன் கூடு கோணாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். அம்பாசடர் அன்பர்கள் கோபித்தாலும் சரி, என் ஓட்டு ஹெரால்டுக்கே.

முதல் வேலை, நீண்ட குச்சியால் சீட்டுக்கு அடியில் தட்டுங்கள். தோப்பு வண்டியில் பாம்பு குடியிருக்கும். அப்புறம் சுத்தியல். சேஸிஸிலிருந்து இருபக்கமும் கை நீட்டுகிற அவுட்ரிக்கர், கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கித் தரை, பேட்டரி உட்காரும் இடம்: இந்த நாலும் ஹெரால்டு முதலில் கரையும் இடங்கள். தட்டினால் 'டங்' என்றால் இரும்பு. 'தொப்' என்றால் துரு. நடுவே ஓடும் இரண்டு பெரிய சட்டங்கள் 'டங்' என்றால் இன்றே லாரி சொல்லிவிடுங்கள்.

கே: துருவை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே பட்டி பூசினால் போதாதா?
– சிவகாசி வாசகர்

ப: அடுத்த கேள்வி.

கே: பட்டி என்றாலே சீறுகிறீர்களே, அது உங்களை என்ன செய்தது?
– டிங்கர் பட்டறை ரசிகர், ஈரோடு

ப: பளபளக்கும் வெறுந்தகட்டின் மேல், மெல்லிய பூச்சாக, பள்ளம் நிரவப் பட்டி வைக்கிற டிங்கர் கலைஞர். அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். துருவின் மேல் பூசுகிறவரோடுதான் எனக்குச் சண்டை.

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் வேகம் எடுக்கும். அதனால்தான் கடலூர்க் கார் கரூர்க் காரைவிடச் சீக்கிரம் கரைகிறது. இதில் விஷயம் என்னவென்றால், இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்புகிறது. மேலே பட்டி போட்டு மூடினாலும் அடியில் வேலை நிற்காது. போதாக்குறைக்குப் பட்டியே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த மழைக்காலத்தில் பெயிண்டில் கொப்புளம் கிளம்பும். குத்திப் பார்த்தால் விரல் உள்ளே போகும். பழைய கார் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிப் பாடி மேல் ஓட்டினால், பிடிப்பு இல்லாமல் நழுவுகிற இடமெல்லாம் பட்டி. விற்கிறவர் முகத்தையும் அப்போது பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி!

சரியான வழி ஒன்றுதான். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். அட்டையில் அளவு எடுத்து, 20 கேஜ் தகட்டில் துண்டு வெட்டிப் பொருத்துங்கள். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு இன்னொரு பொட்டு. உடனே பிரைமர். பிரைமர் மட்டும் அடித்துவிட்டுப் பெயிண்டுக்குத் தீபாவளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரைமர் வழியாக ஈரம் உள்ளே இறங்கும். சில்லுக்குள்ளே மெழுகு அடியுங்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பின் விட்டுக் குத்தித் திறந்து வையுங்கள். அந்த ஓட்டை அடைத்த நாளில்தான் கதவு சாகத் தொடங்குகிறது.

கே: ஹெரால்டு அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: முதலில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், தம்பி.

கே: நட்டு, போல்ட், பிராக்கெட் மாதிரிச் சின்னப் பாகங்களை எமரி ஷீட்டில் தேய்த்துத் தேய்த்து விரல் போயிற்று. வேறு வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியை, கும்பகோணம்

ப: டீச்சர், வழி நீங்கள் நடத்திய பாடத்திலேயே இருக்கிறது! பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸைத் துருப்பிடித்த பாகத்திலும், பிளஸ்ஸை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சார்ஜரைப் போட்டதும் நுரை கிளம்பும். மறுநாள் பாகத்தை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து ஓடும், நல்ல இரும்பு ஒரு துளி குறையாது. அந்தக் காட்சிக்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

நாலு எச்சரிக்கை. பிளஸ் பக்கம் எவர்சில்வர் போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். கிளம்புவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் வையுங்கள், பீடி பிடிப்பவரை எட்டி நிற்கச் சொல்லுங்கள். அலுமினியப் பாகத்தைப் போட்டால் கரைந்தே போய்விடும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி முறியும். எடுத்த கையோடு காயவைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் கண்ணெதிரே திரும்பத் துரு ஏறும். கரன்ட்டோடு விளையாட மனமில்லை என்றால், சர்க்கரை ஆலை மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊறப்போடுங்கள். இரண்டு வாரம் ஆகும். வாடைக்கு வீட்டார் தயாராக இருக்க வேண்டும்.

கே: இன்ஜின் இறுகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– அரக்கோணம் வாசகர்

ப: நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கம் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் துளித் துளியாக அசையுங்கள். அசைய ஆரம்பித்துவிட்டால் பாதி இன்ஜின் கைக்கு வந்த மாதிரி. பலவந்தம் வேண்டாம்.

கே: முன்சக்கர டிரன்னியனுக்குக் கிரீஸா, ஆயிலா? இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
– குழம்பியவர், மதுரை

ப: ஆயில்! ஆயில்! ஆயில்! 90 நம்பர் கியர் ஆயில்! இந்தப் பகுதியைப் படிக்கும் ஒவ்வொரு ஹெரால்டுக்காரரும் இதைக் கராஜ் சுவரில் எழுதி வைக்க வேண்டும். ஸ்டியரிங் திருப்பும்போது, வெண்கல டிரன்னியனுக்குள் ஒரு இரும்புத் திருகு சுழல்கிறது. கிரீஸ் அந்த மரையின் அடிவரை போய்ச் சேராது. அங்கே தண்ணீர் தங்கும், திருகு உள்ளுக்குள்ளே அரிக்கப்படும், ஒரு நாள் திருப்பத்தில் பட்டென்று முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, மேலே வழிகிற வரை ஏற்றுங்கள். ஆயில் என்று சொன்ன மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

கே: ஒரிஜினல் இன்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி இன்ஜின் வைத்தால் மைலேஜ் கிடைக்குமே?
– சிக்கனக்காரர், சேலம்

ப: மைலேஜ் வேண்டுமென்றால் மாருதியே வாங்குங்கள், அருமையான கார்.

கே: பெட்ரோல் டேங்கில் சின்ன ஓட்டை. டேங்க் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டிலேயே கேஸ் வெல்டிங் வைத்துவிடவா?
– முதல் கார்க்காரன், தூத்துக்குடி

ப: தம்பி, பற்றவைப்பானைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியும். காலி டேங்கில் அதன் ஆவி காற்றோடு கலந்து நிற்கும்போது வெடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன் என்பது பேச்சே இல்லை. மடிப்புகளுக்குள் தங்கிய பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். தேர்ந்த கைகள் இதில் போயிருக்கின்றன. டேங்கை நீராவியில் சுத்தம் செய்து அடைத்துக் கொடுக்கிற ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டு போ. இல்லாவிட்டால் புது டேங்க் அடித்து வாங்கு.

இன்னும் மூன்று சொல்கிறேன். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைக்காதே. சில கிளீனர்கள் சூட்டில் நச்சுப் புகையாகும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுக்காதே, ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்த பிறகே படு. வண்டி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும், தம்பி. வீட்டில் உனக்காகச் சோறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

கே: நாலு கதவு ஹெரால்டு. முழுக்கக் கழற்றி இரண்டு வருஷமாயிற்று. வெல்டிங் வைத்த தரை ஒரு பக்கம் கோணிவிட்டது, கதவு சாத்தவில்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்றும் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் விற்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– மனம் விட்டவர், விருதுநகர்

ப: விற்காதீர்கள், சார். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்தது. டிரையம்ப் பிறந்த ஊரில்கூடக் கிடையாது. இரண்டு கதவு மாடலுக்கு வேண்டிய ரப்பரும் புஷ்ஷும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே செய்கிறார்கள். உங்கள் பின்கதவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது, சென்னைப் புதுப்பேட்டையிலோ இன்னொரு செத்த வண்டியிலோ தேடித்தான் எடுக்க வேண்டும். உங்கள் வண்டி போனால் இன்னொன்று செய்ய முடியாது.

கதவு சாத்தாததற்குத் தரை மட்டுமே காரணமாக இருக்காது. ஹெரால்டில் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் தகடுகள் உண்டு. வெட்டிப் பிரிக்கும் முன், அந்தப் பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷிம் கூட்டிக் குறைத்து, கதவை மாட்டியபடியே இடைவெளி பாருங்கள். வெல்டிங் எப்போதும் கதவு மாட்டிய நிலையில்தான் வைக்க வேண்டும். ஷிம்முக்கும் சரிவராவிட்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி மறுபடி வையுங்கள். வெல்டிங் கற்றவர்கள் எல்லோரும் வெட்டி வெட்டி வைத்தவர்கள்தான்.

டப்பாக்களை இன்று திறக்காதீர்கள். ஒர்க்‌ஷாப் மேனுவலில் ஒவ்வொரு பகுதியும் பிரித்துப் போட்ட படமாக இருக்கும். வைப்பர் மோட்டார், ஒரு பக்கத்து பிரேக் என்று ஏதாவது ஒன்றே ஒன்றை எடுங்கள். சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, முழுசாகச் சேர்த்து, சீட்டு ஒட்டி அலமாரியில் வையுங்கள். முடிந்த பொருள் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அடுத்ததைத் தொட மனம் வரும். பிறகு எனக்கு எழுதுங்கள், உங்கள் கடிதத்தை முதலில் எடுப்பேன்.

கே: வண்டி முடிந்தால் ரோட்டில் ஓட்டச் சட்டம் விடுமா?
– தலைமை எழுத்தர், வேலூர்

ப: முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனி விதியே வந்துவிட்டது. புதிதாகப் பதிவு செய்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு, புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சேலத்துச் சிக்கனக்காரர் இதையும் படிக்கவும்.

கே: என்ன கலர் அடிக்கலாம்?
– புதுமணத் தம்பதி, நாகர்கோவில்

ப: கறுப்பு வேண்டாம். தகட்டில் உள்ள ஒவ்வொரு நெளிவையும் கறுப்பு பளிச்சென்று காட்டிக் கொடுக்கும், முதல் டிங்கரிங்குக்கு அது கடுமையான பரீட்சை. வெள்ளையும் வெளிர்நீலமும் பிழை பொறுக்கும். டேஷ்போர்டுக்கு அடியிலும் கதவு ஓரத்திலும் சுரண்டிப் பார்த்தால் முதலில் அடித்த கலர் கிடைக்கும். அதையே அடித்தால் எனக்குச் சந்தோஷம். எந்தக் கலரானாலும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.