மை உலர் படலம்: பழைய பிரிண்டர் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

நடுத்தரக் குடும்பங்களில் பீரோவின் தலைமேல் ஏறும் பொருள்கள் மூன்று: கொலு பொம்மைப் பெட்டி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்துப் பிரிக்கப்படாமலே கிடக்கும் டின்னர் செட், பழைய இங்க்ஜெட் பிரிண்டர். பொம்மைகள் நவராத்திரிக்கு நவராத்திரி இறங்கிவிடும். டின்னர் செட் இன்னொரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிடும். பிரிண்டர் இறங்க மட்டும் ஒரு நெருக்கடி வேண்டும். இறங்கியபின் அதை உயிர்ப்பிப்பதா, புதிது வாங்குவதா என்ற வினாவை ஆய்வுலகம் ஏனோ தொடத் துணியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்குரிய மாதிரி, லேப்டாப் வாங்கியபோது சலுகை விலையில் கூடவே வந்த ஓர் ‘ஆல் இன் ஒன்’. ஆய்வாளர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு இறக்கினார். மேலடுக்கில் தலையணை உறை, அதன்கீழ் தூசி, அதற்கும் கீழே காகிதத் தட்டில் காய்ந்த கரப்பான் ஒன்றும் பழைய மின்கட்டண ரசீதின் பாதியும் கிடைத்தன. நெருக்கடி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் ரூபத்தில் வந்தது. மறுநாள் காலை பள்ளியில் பாரதியார் படம் ஒட்ட வேண்டுமாம். படம் வந்தது. முண்டாசு வெள்ளை என்பதால் பழுதின்றி வந்தது. மீசை வரவில்லை.

அக்கணமே வீட்டில் இரு கட்சிகள் தோன்றின. ஆய்வாளரும் அவர் தாயாரும் மீட்புக் கட்சி. “இவ்வளவு பெரிய சாமானைத் தூக்கிப் போடுவாங்களாடா?” என்பது தாயாரின் வாதம். மகள் புதுக் கட்சி. “அப்பா, இது நான் ஒண்ணாவது படிக்கிறப்பவே மக்கர் பண்ணுச்சு” என்பது அவள் காட்டிய சான்று. இரு வாதங்களும் வலுவானவை என்பதால் வரலாற்றுக்குள் புக வேண்டியதாயிற்று.

மையைப் பீய்ச்சி எழுதும் கருவிக்கு 1951இல் காப்புரிமை பெற்றவர் சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட். இதயத் துடிப்பைத் தாளில் வரைவதற்காக அதை உருவாக்கினார். அதே மனிதர்தான் 1958இல் உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கரையும் செய்தார். பொருத்திக்கொண்டவர் பெயர் ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அதன்பின் அவர் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, கருவி செய்தவர், அறுவை செய்தவர் இருவரும் மறைந்த பிறகும் இருந்து, 2001இல்தான் காலமானார். புதுக் கட்சிக்கு இதைவிடச் சிறந்த மேற்கோள் கிடைக்காது. மகளிடம் ஆய்வாளர் இதைச் சொல்லவில்லை.

மீட்புக் கட்சிக்கும் ஒரு மூலக்கதை உண்டு. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்பவர் பணியில் இருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. வெப்பத்தால் குமிழி எழுப்பி மையைத் தள்ளும் ‘பபுள் ஜெட்’ அந்தத் தெறிப்பிலிருந்து பிறந்தது. சென்னை ரிச்சி தெருவில் பிரிண்டர் பழுது பார்ப்பவரின் மேசையை நோக்குக: ஒரு பக்கம் சிரிஞ்சு, மறுபக்கம் சால்டரிங் அயர்ன். எந்தக் கருவிகளால் பிறந்ததோ அவற்றாலேயே பிழைக்கிறது. சிரிஞ்சைக் கண்டால் வாரண்டி இல்லை என்று நிறுவனங்கள் முகம் சுளிப்பது பெற்ற தாயை மறந்த செயல்.

இனி இலக்கணம். ஒரு வீட்டுக்கும் அதன் பிரிண்டருக்கும் உள்ள உறவை விளக்க ஐந்திணையைவிடப் பொருத்தமான சட்டகம் இல்லை. குறிஞ்சி, பெட்டி பிரித்த நாள். முதல் பக்கம் வெளிவரும்போது குடும்பமே சூழ்ந்து நிற்கும். அந்தக் களவுக் காலத்தைப் பற்றி மேலும் எழுதுவது நாகரிகம் ஆகாது.

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிவது தண்ணீர். இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது சீக்கிரம் ஆவியாகாமல் தடுக்கக் கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். மை வெளியேறும் ‘ஹெட்’டின் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பிகோலிட்டர் என்று பெயர். துளையிலிருந்து விழும் சொட்டு அப்படிச் சில பிகோலிட்டர்தான். அவ்வளவு சிறு வாயில் தண்ணீர் போய்ச் சாயம் மட்டும் தங்கினால் அடைக்காமல் என்ன செய்யும்? கடைக்காரர் மொழியில், “ஹெட் அடைச்சிருச்சு சார்.” இதைத் தடுக்கவே, வேலையில்லாத நேரத்தில் ஹெட் ஒரு ரப்பர் மூடிமேல் போய் அமரும்படி செய்திருக்கிறார்கள். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால் அது ஒழுங்காகப் போய் அமரும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் வழியில் எங்கேனும் வாய் திறந்தபடி நின்றுவிட வாய்ப்புண்டு. ஆய்வாளரின் தாயார் தூங்கப் போகுமுன் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைப்பவர். இது குற்றச்சாட்டாகப் பதிவு செய்யப்படவில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஹெட் எங்கே இருக்கிறது என்பதே. எச்பியின் வீட்டு உபயோக ரகங்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. வயதான எந்திரமாக இருந்தாலும் மீட்புக் கட்சி இங்கே துணிந்து இறங்கலாம். எப்சனில் ஹெட் எந்திரத்தோடு நிலையாக இருக்கும். அது வெப்பத்தால் வேலை செய்வதில்லை. மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகம் மையைத் தள்ளுகிறது. சூடுபடாததால் நெடுநாள் உழைக்கும். ஆனால் பிடிவாதமாக அடைத்துக்கொண்டால், ஹெட் மாற்ற எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் புதுக் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிடும்.

மாதிரியில் ஹெட் கார்ட்ரிட்ஜில்தான் இருந்தது. வெந்நீரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தின்மேல் அதன் அடிப்பாகத்தைச் சில நிமிடம் உட்கார வைத்தார் ஆய்வாளர். கறுப்பு இறங்கியது. செப்பு இணைப்புகளைத் துடைத்து மாட்டி, ‘கிளீனிங்’ கொடுத்தார். காகிதம் இழுக்கும் ரோலரை ஈரத்துணியால் துடைத்தார். ரப்பர் பளபளத்துவிட்டால் காகிதம் வழுக்கும். அதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் பிரிண்டரையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாம் படத்தில் மீசை வந்தது, நடுவே ஒரு வெள்ளைக் கோட்டோடு. முப்பத்தொன்பதாவது வயதிலேயே மறைந்த பாரதியாருக்கு நரைத்த மீசை வரலாற்றுப் பிழை என்று மகள் ஏற்க மறுத்தாள்.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையிடம் போனதால் தலைவி ஊடினாள். வெளிக்கடை கார்ட்ரிட்ஜ் போட்டதால் பிரிண்டர் ஊடுகிறது. 2016 செப்டம்பர் 13 அன்று எச்பியின் ஆபிஸ்ஜெட் ரகங்கள் சில, அதுவரை குறை சொல்லாமல் ஏற்றுவந்த வெளிக்கடை கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் நிராகரித்தன. எந்திரத்துக்குள் இருந்த மென்பொருளில் அந்தத் தேதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கூச்சல் கிளம்பியதும் நிறுவனம் முறையாகத் தெரிவிக்காததற்கு வருத்தம் சொல்லி, தடையை நீக்கும் மென்பொருள் தந்தது. ஊடலுக்கு வாயில் மறுத்தல், வாயில் நேர்தல் எனத் துறைகள் உண்டு என்பது நினைவுகூரத்தக்கது. வழக்கு மன்றம் வரை போன ஊடலும் உண்டு. தீர்ந்த லேசர் டோனர்களில் மறுபடி தூள் நிரப்பி விற்ற ஒரு சிறு அமெரிக்க நிறுவனத்தின்மேல் லெக்ஸ்மார்க் வழக்குத் தொடுத்தது. பொருளை விற்ற கணத்திலேயே காப்புரிமைப் பிடி விட்டுப்போகிறது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சிறு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு டோனருக்கு. ஆனாலும் சிரிஞ்சு பிடித்த கைகளெல்லாம் அன்று சற்று நிமிர்ந்திருக்கும்.

முல்லை என்பது காத்திருத்தல். ‘பிரிண்டிங்’ என்று திரையில் எழுதியிருக்கும், எதுவும் நடக்காது. எந்திரம் நன்றாகவே இருக்கும். புது விண்டோஸுக்கு ஏற்ற டிரைவரை நிறுவனம் எழுதாமல் விட்டிருக்கும். இந்தக் காத்திருத்தலிலிருந்து கட்டற்ற மென்பொருள் இயக்கமே பிறந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் தந்த லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நிற்கும். சிக்கினால் தகவல் வரும்படி நிரலைத் திருத்த விரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு மூலநிரல் மறுக்கப்பட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனு திட்ட அறிவிப்பாக வந்தது. பேப்பர் ஜாமை அற்பமாக எண்ணுவோர் கவனிக்க. விண்டோஸ் கைவிட்ட பழைய பிரிண்டர்கள் பல, அந்த மரபில் வளர்ந்த லினக்ஸில் இன்றும் ஓடுகின்றன.

நெய்தல் இரங்கல். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை எங்கே போகிறது? எந்திரத்தின் அடியில் பஞ்சு போன்ற பட்டை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மை ஆறாக ஓடி அந்தக் கடலில் கலக்கிறது. பட்டை நிறைந்ததா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, உள்ளே ஓர் எண்ணி கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு முடிந்ததும் கேனன் ரகங்களில் 5பி00 என்ற எண் தோன்றும். எப்சனில் பட்டையின் ஆயுள் முடிந்ததாக அறிவிப்பு வரும். நேற்று வரை ஓடிய எந்திரம் இன்று சாத்திரப்படி காலமாகிவிடும். “பேட் ஃபுல் சார், ரீசெட் அடிச்சாப் போதும்” என்பார் பழுது பார்ப்பவர். பட்டையையும் மாற்றுகிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எண்ணியை மட்டும் பூஜ்யமாக்கினால் ஒருநாள் மேசைவிரிப்பு நீலமாகும். பிரான்சில் இந்தப் பட்டை விவகாரமும் சேர்த்து 2017இல் எப்சன்மீது புகார் போய், அரசு வழக்கறிஞர் விசாரணையைத் தொடங்கினார்.

திணை முடிந்தது. இனிப் பொருளதிகாரம். 1990களில் வந்த எச்பி 45 கார்ட்ரிட்ஜில் 42 மில்லி கறுப்பு மை இருந்தது. பின்னாளில் வந்த எச்பி 21இல் 5 மில்லி. கண் சொட்டு மருந்துக் குப்பிகள் பலவற்றில் அதைவிடக் குறைவாக இராது. நியாயம் பேசுவதானால் சொட்டும் சிறுத்தது, ஆகவே பக்கக் கணக்கு அதே விகிதத்தில் விழவில்லை. ஆனால் மை சிறுத்த அளவுக்கு விலை சிறுக்கவில்லை. 5 மில்லி எழுநூறு ரூபாய் என்று கொண்டால் லிட்டர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எந்திரத்தை மலிவாகக் கொடுத்து மையில் எடுக்கும் இந்த வித்தையை இந்தோனேசியக் கடைக்காரர்கள் வெளியே பாட்டில் வைத்துக் குழாய் சொருகி முறியடித்தார்கள். எப்சன் அதைக் கவனித்து, 2010இல் அதே நாட்டில் தொட்டி வைத்த பிரிண்டரைத் தானே விற்கத் தொடங்கியது. இன்று 65 மில்லி பாட்டிலுக்கு 4,500 கறுப்புப் பக்கம் என்கிறது நிறுவனம். இவ்விடத்தில் ஆய்வாளர் கட்சி மாற ஒப்புகிறார்: மாதம் நூறு பக்கம் தாண்டும் வீடு தொட்டி ரகம் வாங்குவதே சரி. மாதம் ஐந்து பக்கம் எடுக்கும் வீடு எதை வாங்கினாலும் பாலைதான், தொட்டி நிறைய மை இருந்தும் ஹெட் காயும்.

இரவு பதினொன்றரைக்கு ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது. காலையில் பள்ளி போகும் வழியில் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்குப் பாரதியார் வந்தார், முழு மீசையோடு. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் வைத்திருந்தது மாதிரியின் அதே ரகம். பக்கவாட்டில் நான்கு பாட்டில், குழாய்கள், மூடிமேல் ஊதுபத்திச் சாம்பல். நாள் முழுக்க ஓடுவதால் காய நேரமில்லை.

“உங்ககிட்டயும் இதே மெஷினா? ஓடாம சும்மா இருந்தா ரோலர் தேயாம இருக்குமே சார். எனக்குக் குடுத்துடுறீங்களா? ஐந்நூறு ரூபா தரேன்.”

ஆய்வாளர் வாயைத் திறக்குமுன் புதுக் கட்சி குறுக்கிட்டது.

“அதெல்லாம் குடுக்க முடியாது அங்கிள். அது எங்க பிரிண்டர்.”