தாத்தாவுக்கு ஸ்பாட்லைட்

பீடோங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தாத்தா இருந்தவரை அவருக்கென்று இருந்த ஒரே விளக்கு, இருட்டோடு பால்மரம் வெட்டப் போகையில் நெற்றியில் கட்டிக்கொண்டதுதான். இப்போது சுங்கை பட்டாணியில் பேரன் கட்டிய மாடி வீட்டில் அவருக்கு மூன்று எல்.இ.டி. ஸ்பாட்லைட்!

ஆயுசுக்கும் அவர் எடுத்துக்கொண்டது ஒரே படம். 1948இல் அவசரகாலம் வந்து, ஆளுக்கொரு அடையாள அட்டை என்றார்களே, அதற்காகப் பிடித்தது. அந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தை மூன்றடிக்கு இழுத்துவிட்டார்கள். கோட்டும் டையும் ஸ்டூடியோக்காரர் உபயம்.

கண்ணாடிக்கு நேர் எதிரே விளக்கு. நிமிர்ந்து பார்த்தால் தாத்தா தெரியவில்லை, என் வழுக்கை தெரிகிறது. "மேலே கூரையிலிருந்து முப்பது டிகிரி சாய்த்து அடித்தால் கூசாது தம்பி" என்றேன். "டிசைனர் வைத்தது மாமா" என்றான். டிசைனர் வைத்ததை அசைக்க நாம் யார்!

பக்கத்தில் பாட்டி. பிளாஸ்டிக் மாலை, சிவப்பு சீரோ வாட் பல்பு. அவருக்கு டிசைனர் கிடையாது. முகம் பளிச்சென்று தெரிகிறது.

லயத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தியதும் படுத்துப் பழகிய மனுஷர் தாத்தா. இங்கே விடிய விடிய கண்ணை விழித்துக்கொண்டிருக்கிறார்.