முன் அச்சுப் புஷ் தேர்வில் சமயப் பிரிவுகள்: ஓர் ஆய்வு

சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் பொதுவாகப் பிறந்த கார் ஒன்றுக்கு வயதாகி, முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாகங்கள் தேய்ந்துபோனால், பதிலுக்கு எதை வாங்குவது என்பது பொறியியல் கேள்வி என்றே இதுகாறும் கருதப்பட்டு வந்துள்ளது. அக்கருத்து பொருந்தாது. சமயவியலாரிடம் ஒப்படைக்க வேண்டிய கேள்வி இது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வெல்லை கருதி ஒரே ஒரு கார் எடுத்துக்கொள்ளப்படுகிறது: 1992-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ எம்3, அதாவது இ36 வகை. ஐரோப்பியருக்கு முதலில் 286 குதிரைத்திறனும் பின்னர் 321-உம் கொடுத்த நிறுவனம், அமெரிக்கருக்கு 240-ஓடு நிறுத்திக்கொண்டது. அதன் நியாய அநியாயம் நமக்கு வேண்டாம். குதிரை கூடினாலும் குறைந்தாலும் புஷ் தேயத்தான் செய்யும்.

இக்காரின் ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் எல் வடிவில் ஒரு லோயர் ஆர்ம் உண்டு. அதில் பால் ஜாயிண்டுகள் இரண்டு: ஒன்று சக்கரத்தோரம், மற்றொன்று உள்ளே சப்ஃபிரேமில். மூன்றாம் முனை பின்னோக்கி வளைந்து, காரின் உடலோடு போல்ட் போட்ட கூடு ஒன்றில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் நுழைகிறது. இந்த ரப்பர் போய்விட்டால், ஏறக்குறைய 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறும். உரிமையாளர் முதலில் பிரேக் டிஸ்க்கை மாற்றுவார். அடுத்து வீல் பேலன்சிங் செய்வார். அதற்குப் பிறகே உண்மையைத் தேடிப் புறப்படுவார். தத்துவ வரலாற்றிலும் வரிசை ஏறக்குறைய இதுதான் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

புறப்பட்டவரை எதிர்கொள்பவை மூன்று சமயங்கள். முதலாவது ரப்பர் சமயம். தொழிற்சாலை புஷ்ஷில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். ஒரு திசையில் இளகிக்கொடுத்து மறு திசையில் விறைத்து நிற்பதற்காக. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது இளக்கம். வளைவில் சக்கரத்தை நிலைநிறுத்துவது விறைப்பு. இச்சமயத்தார் இதை அருள் என்பர். வெற்றிடத்தையும் ரப்பரால் நிரப்பிவிடும் உட்பிரிவு ஒன்றும் உண்டு. ஹாம்பர்க் நகரத்து மைலே நிறுவனத்தின் எச்.டி. வரிசை, நான்கு ஆண்டு உத்தரவாதத்தோடு அவ்வழியை உபதேசிக்கிறது.

இரண்டாவது பாலியூரிதேன் சமயம். ரப்பர் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக் கொடுக்கும். இதுவோ வழுக்கிச் சுழல வேண்டும். கிரீஸ் வறண்டால் கீச்சிடும். கீச்சொலி கேட்பவர் எவரும் அதைப் பழுது என்று சொல்வதில்லை, ‘பந்தயக் கார் அப்படித்தான்’ என்பார்கள். மூன்றாவது உலோக உருண்டைச் சமயம். இது இம்மியும் இளகாது. சாலையில் கிடக்கும் கூழாங்கல்லின் வரலாறு முழுதும் ஓட்டுநரின் உள்ளங்கைக்கு வந்து சேரும். அதை ஞானம் என்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆய்வாளன் நடுநிலை காக்க வேண்டும் என்பது மரபு. ஆயினும் சாலையில் ஓடும் காருக்குத் தொழிற்சாலை ரப்பரே போதும் என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு நடுநிலைக்குத் திரும்புகிறேன்.

அடுத்தது மூலபாடச் சிக்கல். ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில் லெம்ஃபோர்டே என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரிலிருந்து பெயர் பெற்ற லெம்ஃபோர்டர் நிறுவனம், கார்த் தொழிற்சாலைக்கே பாகம் கொடுத்துவந்தது. அதே பாகம் லெம்ஃபோர்டர் பெட்டியில் வந்தால் விலை குறைவு. பெட்டியைப் பிரித்தால், வார்ப்பில் ஓரிடத்தில் மட்டும் உலோகம் தேய்த்துச் சிதைக்கப்பட்டிருப்பதைப் பலமுறை காணலாம். கார் நிறுவனத்தின் வட்ட முத்திரை இருந்த இடம் அது. கல்வெட்டில் சிதைந்த வரியைக் கண்டால் ஆய்வாளர் வருந்துவார். இங்கோ சிதைவே மூலத்துக்குச் சான்று! எழுத்து தெளிவாக இருந்தால் விலை கூடுதல். தேய்த்த தடமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் ஐயம். சுவடிப் பதிப்பிலும் இவ்விதி இருந்திருந்தால் செல்லரித்த ஏடுகளுக்கே முதல் மரியாதை கிடைத்திருக்கும்.

லெம்ஃபோர்டர் கட்சிக்கும் டி.ஆர்.டபிள்யூ கட்சிக்கும் இடையிலான வாதம் நெடியது, காரமானது. 1984-இல் லெம்ஃபோர்டரைத் தன்வசமாக்கிய இசட்.எஃப். நிறுவனம் 2015-இல் டி.ஆர்.டபிள்யூவையும் வாங்கிவிட்டது. இரு கட்சியாரின் தெய்வமும் இப்போது ஒரே கருவறையில். வாதம் மட்டும் நிற்கவில்லை.

பி.எம்.டபிள்யூ பாக எண்கள் 11 இலக்கம் கொண்டவை. முதல் இரண்டு இலக்கங்கள் அதிகாரத்தைக் குறிக்கும்: 31 என்றால் முன் அச்சு, 32 என்றால் ஸ்டியரிங். 32-ஆம் அதிகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டை ராடு எண்டில் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். மாற்றினால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கட்சி கட்ட இடமில்லாததால் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இசட்3 காரின் ராக்கைக் கொண்டுவந்து மாட்டி, குறைந்த சுற்றிலேயே சக்கரத்தை முழுதாகத் திருப்பும் சித்தர்கள் சிலர் உளர். அவர்கள் வழி தனி வழி.

இனி, எல்லாச் சமயத்தாரும் வேற்றுமையின்றி மீறும் விதி. ரப்பர் புஷ்ஷை ஆர்மின் முனையில் ஏற்றும்போது எண்ணெய் ஆகாது, சோப்பு நீர்தான். புஷ்ஷில் உள்ள அம்புக்குறி ஆர்மில் உள்ள குறியோடு ஒத்துப்போக வேண்டும். ஏற்றியதும் ஈரம் காய்வதற்குள் காரை இறக்கி, சக்கரங்களின் மேல் நிறுத்திவிட வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டபடியே டீ குடிக்கப் போனால், ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரைக்கு வந்த பிறகு ஓய்வாக நிற்கும்போதும் அது முறுக்கேறியே கிடக்கும். விரைவில் கிழியும். கிழிந்தவுடன் பழி பாகத்தின் மேல் விழும். டீயின் மேல் விழுவதில்லை. மனம் நொந்த உரிமையாளர் அடுத்த சமயத்தைத் தழுவுவார். பாலியூரிதேன் பரவியதற்கு அதன் குணநலன்களைவிட இந்த டீயே பெருங்காரணம் என்பது இவ்வாய்வின் தலையாய முடிவு.

ஒரே ஒரு புஷ்ஷுக்காகக் காரைத் தூக்குபவர், கழற்றியதோடு கழற்றியதாக ஆர்மையும் மாற்றுவார். ஆர்மைப் பார்த்து டை ராடை மாற்றுவார். கையில் டார்ச் இருப்பதால் அப்படியே பின்பக்கமும் அடித்துப் பார்ப்பார். அங்கே டிரெய்லிங் ஆர்ம் புஷ்கள் வெடித்திருக்கும். பின் அச்சுப் பாகங்களின் எண் 33-இல் தொடங்குகிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, உரிமையாளரின் பணவசதிக்கும்தான்.