ரெண்டு சுற்றுக் குறைந்தவர்

1815 வரை கண்டியைக் காப்பாற்றியதில் பாதி புண்ணியம் மோசமான பாதைகளுக்கு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மலையேறி வந்து, நிலைகொள்ள முடியாமல் திரும்பினார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் வயிறு தாரில் உரசும்படி காரை இறக்கி ஓட்டுகிற தம்பிமார் இருக்கிறார்கள். மஹியாவையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். கையில் தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக். 2020இல் வாகன இறக்குமதி நின்று பழைய கார்கள் யானை விலை விற்ற காலத்தில் மாமாவிடம் கெஞ்சி வாங்கியது. மிச்சம் சட்டைப்பையில் கொத்துரொட்டிக் காசு.

முறைப்படி இறக்குவதென்றால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கோயில்ஓவர் போடவேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழசுக்கு விலை கேட்டாலே போதும், ஆசை பாதி இறங்கிவிடும். "அது எதுக்கு மச்சான்? பாஸ்கிட்ட குடுத்தா கிரைண்டர்ல ரெண்டு சுத்து வெட்டித் தருவாரு" என்று ஒரு நண்பன் வழிகாட்டுவான். அந்த நண்பனிடம் கார் இருக்காது. எப்போதும் இருக்காது.

கராஜ் பாஸ் நல்ல மனிதர். சொல்லிப் பார்ப்பார். சுற்றுக் குறையக் குறைய ஸ்ப்ரிங் விறைக்கும். வெட்டின முனை தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது. ஜாக் வைத்துத் தூக்கினால் உள்ளே கழன்று ஆடும். தம்பியின் காதில் ஒன்றும் ஏறாது, அவர் தீப்பொறியை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். (காஸ் சுடரால் ஸ்ப்ரிங்கைச் சூடாக்கி அமுக்குகிறவர்களும் உண்டு. அதில் இரும்பின் பதமே போய்விடும். அவர்களைப் பற்றிச் சிரித்து எழுத எனக்குத் துணிவில்லை.)

தரைக்கும் காருக்கும் இடையில் இருந்த ஆறு அங்குலம் மூன்றரையானதும் தம்பி பந்தய வீரராகிவிடுவார். 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பற்றி நேரில் ஓடியவர் மாதிரிப் பேசுவார். கண்டியிலேயே ஆக மெதுவாகப் போகும் வாகனம் இப்போது அவருடையது என்பதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

பாடசாலை முன்னால் ஒரு வேகத்தடை வரட்டும், பாருங்கள். முதலில் சிக்னல். பிறகு பின்னால் இருக்கும் மூன்று பேரும் இறங்கவேண்டும். ஒருவன் தாரில் முழங்கால் போட்டு அடியில் எட்டிப் பார்த்து, "வரட்டும்... வரட்டும்... நில்லு!" என்பான். முன் இடது சில்லு குறுக்காக ஏறும், பிறகு வலது. அடியில் 'கர்ர்' என்றொரு சத்தம் வரும். தம்பி கண்ணை மூடிக்கொள்வார். "சைலன்சர்தான்டா, ஓயில் சம்ப் இல்ல" என்று ஆறுதல் வரும். திகன பஸ்காரர் பின்னால் நின்று தம்பியுடைய பரம்பரையையே ஹோர்னில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஸ்ப்ரிங்கில் மிச்சம் பிடித்த காசு டயரில் போகும். சில்லு உட்பக்கம் சாய்ந்து ஓடுவதால், வெளியே பளபளக்கும் டயர் உள்விளிம்பில் நூல் விட்டிருக்கும். 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களையும் ஆட்டோக்களையும் நிறுத்தி மேலதிக அலங்காரங்களைக் கழற்றவைத்தபோது தம்பிக்கும் வயிறு கலங்கியது. குறுக்குப் பாதையால் நழுவலாம் என்றால் அங்கே முழுக்கக் கல்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கட்டுகலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போகவேண்டும். அம்மா ஒருமுறைதான் ஏறினார். "ஏண்டா, இது காரா பாயா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தவரை, கோயில் வாசலில் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளியிலிருந்து அவருக்கு பஸ்தான். பூசை முடிந்து, திருநீறு பூசி, திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் பிடித்துவிட்டார். பார்த்தால், எதிர்ப்பக்க வேகத்தடையில் மகன் இன்னும் குறுக்காக நிற்கிறார்.

"அம்மா, எறங்குங்க! நான் கூட்டிட்டுப் போறேன்!"

"நீ பைய வாப்பா. நான் போய் தேத்தண்ணி ஊத்தி வைக்கிறேன்."