அநாதைக் கம்பளிகளின் ரக்ஷகி

எடின்பரோ நகரத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில், தர்ம ஸ்தாபனங்கள் பொருள் திரட்டும்பொருட்டு நடத்துகின்ற பழந்துணிக் கடை எதிலாவது, கதவு திறந்ததும் திறவாததுமாக நுழைந்து, புத்தகங்களையும் பீங்கான் கோப்பைகளையும் ஏறெடுத்தும் பாராமல், கம்பளி உடுப்புகள் தொங்கும் மூலைக்கு நேரே நடக்கும் ஓர் அம்மையாரைக் கண்டால், அவர் குளிருக்கு ஆடை தேடி வந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் வந்திருப்பது அநாதை ரக்ஷணத்துக்கு. பஞ்ச நிவாரணத்துக்காக 1942-இல் தோன்றி, அந்தத் தசாப்தம் முடிவதற்குள் ஆக்ஸ்போர்டில் கடையும் திறந்த ஆக்ஸ்ஃபாம் சங்கத்தார், ஸ்வெட்டர்களுக்கும் இப்படியொரு புகலிடம் அமையுமென்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்வெட்டரின் முகப்பை அவர் பார்ப்பதேயில்லை. பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாளைப் போல, உட்புறத்தைப் புரட்டித்தான் பரீட்சை. ஓரத்தில் ஓவர்லாக் தையல் ஓடினால் அது யந்திரத்தின் பிரஜை, உடனே தள்ளுபடி. கழுத்தில் கம்பெனிச் சீட்டு இல்லாமல், நூல்முனைகள் பொறுமையாகச் செருகப்பட்டு, ஒரு வரிசைக்கு இரண்டு வர்ணங்களுக்கு மேற்படாத ஃபேர் ஐல் தீவுப் பின்னலாக இருந்துவிட்டாலோ, அம்மையாரின் கண்கள் பனிக்கின்றன. ஆனால் கல்லாவை நோக்கித் திரும்புகையில் அந்த முகத்தில் பரம வைராக்கியம் குடிகொண்டுவிடும். மகிழ்ச்சி தெரிந்தால் அடுத்த முறை விலை ஏறிவிடுமல்லவா?

வீடு சேர்வதற்குள் அந்த ஸ்வெட்டருக்கு ஒரு ஸ்தலபுராணம் தயாராகிவிடுகிறது. கடலோரக் குடிசை, விதவைத் தாய், மாலுமி மகன், கடைசியில் அதைக் கடையில் தள்ளிய நன்றிகெட்ட பேரன்! அயர்லாந்தின் ஆரன் தீவுகளைச் சேர்ந்த ஸ்வெட்டர் கிடைத்துவிட்டால், மூழ்கி இறந்தவர்களைக் குடும்பப் பின்னலைக் கொண்டு அடையாளம் கண்டார்கள் என்ற கதையும் சேர்ந்துகொள்ளும். அப்படிக் குடும்பத்துக்கொரு பின்னல் அங்கே இருந்ததில்லை; ஐரிஷ் நாடகாசிரியர் சிங் (Synge) எழுதிய 1904-ஆம் ஆண்டு நாடகமொன்றில் ஒரு காலுறையின் நழுவிய கண்ணிகளை எண்ணிப் பிணத்தை இனங்கண்டதே பின்னாளில் ஸ்வெட்டராக வளர்ந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால், அவருக்கு இரண்டாவது கோப்பைத் தேநீர் கிடைக்காது.

அந்துப்பூச்சியின் முட்டைகளைக் குளிரிலிட்டு மாய்க்க வேண்டுமென்று, மீட்கப்பட்ட உடுப்பு பிளாஸ்டிக் பையில் புகுந்து உறைபெட்டியில் இரண்டு வாரம் தவமிருக்கும். பட்டாணிக்கும் மீனுக்கும் இடமில்லை. ஐஸ்கிரீம் தேடிப் போகும் கணவர் விறைத்துப்போன கம்பளிக் கையொன்றைப் பற்றிக் குலுக்கிவிட்டு மௌனமாகத் திரும்புகிறார்.

இத்தகைய கம்பளிப் பக்தைக்கு, அடுத்த தெருவிலேயே வசிக்கும் நாத்தனார் ஒருவர், கிறிஸ்துமஸ்தோறும் தம் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருகிறார். முகமறியாதவள் பின்னலில் கண்ணிகள் ஏறுமாறாக இருந்தால் ‘மனிதக் கரத்தின் முத்திரை’ என்று உருகுகிறவர், நாத்தனார் பின்னலில் அதையே கண்டால் அசிரத்தை என்கிறார். அதில் ஒரு கை நீளம். நிறமோ கடுகு நிறம். விதவைத் தாயும் இல்லை, மாலுமியும் இல்லை. நலமாக உயிரோடிருந்து, ‘ஏன் போட்டுக்கொள்ளவில்லை?’ என்று தொலைபேசியில் விசாரிக்கும் கர்த்தா மட்டுமே உண்டு.

ஆகவே ஜனவரி மாதத்தில் அம்மையார் அதைப் பையிலிட்டு, உள்ளூரில் கொடுத்தால் நாத்தனாரின் கண்ணில் படும் என்ற முன்யோசனையோடு கிளாஸ்கோவுக்கு ரயிலேறி, அங்கே ஒரு தர்மக் கடையில் ஒப்படைத்தார். போன இடத்தில் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், அதே கடையில் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் ஒன்றை மீட்டுக்கொண்டும் வந்தார். அதிலும் ஒரு கை நீளந்தான்.