நாலு மணி விருந்தாளிகள்

திருச்செந்தூரில் வீடு இருப்பவருக்கு உறவுக்காரர் குறைவதே இல்லை. ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, வைகாசி விசாகம், கந்த சஷ்டி என்று ஆண்டு முழுக்க யாராவது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சாமி கும்பிட வந்தோம், அப்படியே ஒங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு...” என்றபடி படியேறுவார்கள். பேரனுக்கு மொட்டை, பேத்திக்குக் காதுகுத்து என்றால் ஒரு வேனே வாசலில் வந்து நிற்கும்.

இந்த ஊர் வீட்டம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுக் காலெல்லாம் மணலோடு வருகிறவர்கள் பத்துப் பேரா, இருபது பேரா என்று தலையை எண்ணாமலே இட்லி கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவார். படுக்கப் பாய் போதாவிட்டால் மொட்டைமாடி இருக்கிறது. சட்னி போதாவிட்டால் மிளகாய்ப்பொடி இருக்கிறது. அப்பேர்ப்பட்டவரை ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடுவான்.

“எம்மா, நாளைக்குச் சாயங்காலம் என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு வீட்டுக்கு வாராங்க.”

காரணம் உண்டு. பெரிய விருந்தாளிகள் குறை இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஊருக்குப் போய்த்தான் பேசுவார்கள். சின்ன விருந்தாளி தட்டு வைத்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவான். மேல்முறையீடும் கிடையாது.

எனவே வீட்டம்மா முதல் நாள் ராத்திரியே விசாரணையைத் தொடங்குவார். வகுப்பு வாட்ஸப் குழுவில் நம்பர் எடுத்து ஒவ்வொரு தாய்க்கும் போன். “ஒங்க பையன் என்ன சாப்புடுவான் அக்கா?” எல்லாத் தாய்மாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “அவனா? எது குடுத்தாலும் சாப்புடுவான்.” வரலாற்றில் இதைவிடப் பெரிய பொய்யை நாலு பேர் சேர்ந்தாற்போல் சொன்னது கிடையாது. அவர்களில் ஒருவர் மட்டும் பத்து நிமிஷம் கழித்து நீளமாகக் குரல் செய்தி ஒன்று அனுப்புவார். அதில் “ஆனா” என்ற சொல் பல தடவை வரும். ஆனா தேங்காய் பல்லில் படக்கூடாது. ஆனா பாலில் ஆடை இருக்கக்கூடாது. ஆனா வெங்காயம் கண்ணில் தெரியக்கூடாது, தெரியாமல் போடலாம்.

அம்மாவின் மானம் வேறு மாதிரித் திட்டமிடும். சுற்றுவட்டாரம் லேசுப்பட்டதா? உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலேயே வாங்கிவிட்டது. (ஆத்தூர் வெற்றிலையும் பட்டியலில் உண்டு, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.) இவ்வளவு பெருமையும் கையெட்டும் தூரத்தில் இருக்க, கடை பிஸ்கட்டையா தட்டில் வைப்பது? பாசிப்பயறு வறுபடும், கருப்பட்டிப் பாகு காயும், ஏலம் இடிபடும். மறுநாள் மூன்று மணிக்கெல்லாம் முந்திரிக்கொத்து ஒரு தூக்குவாளி நிறைய இருக்கும். கூடவே உளுந்தவடை. சுசியம். சுக்குக் காப்பி பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று கருப்பட்டி போட்ட பால். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகள் பீரோவில் சேலைக்கு அடியில் காப்பீட்டுத் தொகைபோல் பத்திரமாக இருக்கும்.

நாலு மணிக்கு நாலு ஜோடிச் செருப்பு வாசலில் கிடக்கும்.

முதல் பையன் வெள்ளைக் கட்சி. இட்லி, தயிர்சாதம், பால், பரோட்டாவின் நடுப்பகுதி ஆகியவையே அவன் கண்ட உலகம். கருப்பட்டி என்பது அவன் கண்ணுக்கு நிறம், ருசி அல்ல. கருப்பட்டிப் பாலை எட்டிப் பார்ப்பான், வீட்டம்மாவையும் பார்ப்பான். “இது ஏன் ஆன்ட்டி மண்ணு கலர்ல இருக்கு?” உடன்குடியில் பனையேறி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த சரக்குக்கு இப்படி ஒரு விமர்சனம். உடனே மகனும் “நான் அப்பவே சொன்னேம்லாம்மா” என்று எதிர்க்கட்சிக்குத் தாவிவிடுவான்.

அடுத்தவன் ஆராய்ச்சியாளன். எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, பிரிப்பான். முந்திரிக்கொத்தை உடைத்து உள்ளே தேடி, “இதுல முந்திரியே இல்லையே ஆன்ட்டி” என்பான். வடையிலிருந்து மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவான். கறிவேப்பிலைக்கு வேறொரு வரிசை. கடைசியில் தட்டில் எல்லாம் இருக்கும், வடை மட்டும் இருக்காது. அதை அவன் சாப்பிட்டானா, உதிர்த்தானா என்பது சாயங்காலம் பாயைத் தட்டும்போதுதான் தெரியவரும்.

மூன்றாமவன் அமலிநகர்ப் பையன். அப்பாவுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு. அவனுக்காகவே தனியாக மீன் கட்லெட் செய்திருப்பார் வீட்டம்மா. ஒரு கடி கடித்து, மென்று, யோசித்து, மிகுந்த மரியாதையோடு சொல்வான்: “ஐஸ் மீனு, ஆன்ட்டி.” சந்தையில் மீன்காரர் “இப்பத்தான் கரைக்கு வந்துச்சி” என்று முருகன்மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்த மீன் அது. அந்தச் சத்தியம் ஒரே கடியில் உடைந்தது. அவன் குறை சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. அவனுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு தகவலாகச் சொல்கிறான், அவ்வளவுதான்.

நாலாமவன் காயல்பட்டினம். அவனைப் பற்றிப் பிறகு.

பருவத்துக்குப் பருவம் வேறு ரகங்களும் வரும். குலசேகரன்பட்டினம் தசரா சமயமென்றால் ஒருத்தன் கழுத்தில் மாலையோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்வான். முத்தாரம்மனுக்கு நேர்ந்து மாலை போட்டவன் கண்ட வீட்டில் சாப்பிடக்கூடாது என்று அவன் ஆச்சி சொல்லி அனுப்பியிருப்பார். தண்ணீர் போதும் என்பான். அந்த வைராக்கியத்தைப் பார்த்து வீட்டம்மாவே மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்துத் தட்டுச் சிப்ஸை நோக்கி அவன் கை மெதுவாக நகரும். சஷ்டி விரத நாட்களில் சைவம் பற்றிய கேள்விகள் கூடும். தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக் கட்சிக்காரன்கூட மறுக்காத பண்டம். முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, இந்த மூன்றும்தான் அது. நாலாவது மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டே ஒரு பிள்ளை, “நாங்க வீட்ல முட்டகூடத் திங்கமாட்டோம் ஆன்ட்டி” என்று பெருமையாகச் சொல்லும்போது வீட்டம்மா என்ன செய்வார்? டப்பாவை மெல்ல மூடி அலமாரியில் வைப்பார். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

நாலரை மணி. தட்டுகள் ஏறக்குறைய போனபடியே திரும்பி வந்திருக்கின்றன. இப்போதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது இங்கேயும் நடக்கும்: “மேகி போடட்டுமாய்யா?” 1983இல் இந்தியாவுக்குள் வந்த அந்த இரண்டு நிமிஷ நூடுல்ஸ், எத்தனையோ தாய்மாரின் தோல்வியைக் கௌரவமாக மூடி வைத்திருக்கிறது. 2015 ஜூனில் தடை வந்து நவம்பரில் மறுபடி கடைக்கு வரும்வரை, நடுவிலிருந்த அந்த மாதங்களில் நாலரை மணியைக் கடந்த வீட்டம்மாக்களுக்குத் தனியாக ஒரு விருதே கொடுத்திருக்கலாம்.

வெந்நீர் கொதிக்கும்முன் வீட்டு ஆச்சி எழுந்து வருவார். அதுவரை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்.

“ஏட்டி, ஆளுக்கொரு தட்டு வச்சா ஆளுக்கொரு நோக்காடு சொல்லத்தான் செய்வான். அந்தப் பெரிய தாம்பாளத்த எடு.”

மொட்டைமாடியில் ஒரே தாம்பாளம். வடையும் சுசியமும் முந்திரிக்கொத்தும் குவியலாக. “திங்கணும்னா தின்னுங்க, இல்லாட்டி காக்காய்க்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு ஆச்சி இறங்கி வந்துவிடுவார். அங்கே நின்று வாயைப் பார்க்கமாட்டார். வீட்டம்மாவால் மட்டும் அது முடியாது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று ஒட்டுக் கேட்பார்.

இப்போது காயல்பட்டினத்துப் பையனின் முறை. அவன் ஊர்க் கல்யாணங்களில் சஹன் என்று ஒரு பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் வைத்து, சுற்றிப் பலர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவனுக்கு நடுத்தட்டு புதிதே அல்ல. யோசிக்காமல் கையை விட்டு ஒரு சுசியத்தை எடுத்து, “எங்க உம்மா செய்றதவிடப் பெருசா இருக்கு” என்று கடிப்பான். ஆராய்ச்சியாளன் பிரிக்க நினைப்பான், பிரித்து முடிப்பதற்குள் குவியல் குறைந்துவிடுமே என்ற கவலை வந்துவிடும். முழுசாகவே வாயில் போடுவான். வெள்ளைக் கட்சிக்காரன்தான் கடைசி. மற்ற மூன்று வாயும் அசைவதைப் பார்த்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து, அரிசிமாவுத் தோல் வெளுப்பாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடிக் கடிப்பான்.

ஆச்சி படித்தது மூன்றாம் வகுப்பு. அமெரிக்க உளவியலாளர் லியான் பெர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இந்த மொட்டைமாடிதான். பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத ஒரு பிள்ளையை, அதற்குப் பிடிக்காத காய்கறியை விரும்பித் தின்கிற பிள்ளைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார். நாலாவது நாளில் அந்தப் பிள்ளையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. தாய் கெஞ்சி நடக்காதது பக்கத்து வாய் அசைந்து நடந்தது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் விரிவானபோதும், வீட்டில் உப்புமா என்றால் ஓடிப்போகிற பிள்ளைகள் பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து அதையே தின்பதைத் தாய்மார் பார்த்தார்கள். கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் பார்த்தார்கள்.

எல்லாப் பழியையும் வளர்ப்பின் மேல் போடவும் வேண்டாம். இங்கிலாந்தில் எட்டு முதல் பதினோரு வயது வரையுள்ள 5,390 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரள்வதில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 சதவீதம் பிறவியிலேயே வருவது என்று கணக்குச் சொன்னது. இதையும் ஆச்சி ஆய்வில்லாமலே சொல்வார்: “அவன் அப்பனக் கொண்டு பொறந்துருக்கான். அவன் அப்பனும் பத்து வயசு வர புட்டுல தேங்காப்பூவப் பொறுக்குனவந்தானே.” ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிற அப்பன் பக்கத்தைப் புரட்டுவார்.

ஆனாலும் மொட்டைமாடி வெற்றியை நம்பி அடுத்த வாரம் அதே வெள்ளைக் கட்சிக்காரனைத் தனியாகக் கூப்பிட்டு முந்திரிக்கொத்து வைத்தால் தொடமாட்டான். ஒரு புதுப் பண்டம் பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து தடவையாவது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பத்து தடவை பாசிப்பயறு வறுக்க யாருக்குக் கை இருக்கிறது?

ஆறு மணிக்குத் தாய்மார் ஸ்கூட்டியில் வந்து நிற்பார்கள். “தொந்தரவு பண்ணினானாக்கா?” “சேச்சே, தங்கமான பிள்ளை.” நாலு பொய்க்குப் பதில் நாலு பொய். வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. வாளியின் அடியில் எடுத்து வைத்திருந்த முந்திரிக்கொத்து, ஓலைக்கொட்டானில் கொஞ்சம் சில்லுக்கருப்பட்டி, இரண்டு வடை என்று ஒவ்வொரு வண்டியின் முன் கொக்கியிலும் ஒரு பை தொங்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெள்ளைக் கட்சிக்காரனின் தாய் போன் செய்வார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்.

“அக்கா, அந்த முந்திரிக்கொத்து இன்னும் இருக்கா? பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கான்.”

வீட்டம்மா ஒரு வினாடி பேசாமல் இருந்துவிட்டுக் கேட்பார்:

“எத்தன பிள்ளைக்கு வேணும்?”